தாய்க்குக் கடைசி மகன்

எங்கள் மருத்துவமனையில் சிறுநீரகம் மாற்றிக்கொண்டவர்கள் மாத்திரை சாப்பிடுவதில்லை. அதற்குப் பதிலாக வருடத்துக்கு ஒருமுறை, செத்தவனுடைய வீட்டாரின் முகத்தைப் பார்க்க வேண்டும். மாத்திரையே தேவலை என்று என்னிடம் சொன்னவர்களை ஏற்றினால் ஒரு பஸ் நிறையும்.

திட்டம் தொடங்கிப் பதினெட்டு வருடம் ஆகிறது என்று நிர்வாகம் மலர் போடுகிறது. வரலாற்றுப் பகுதியை நான் எழுத வேண்டும் என்றார்கள். எழுதிக் கொடுத்தேன். கசப்பாக இருக்கிறது, குறைத்துக் கொடுங்கள் என்று திருப்பி அனுப்பிவிட்டார்கள். திருப்பி அனுப்பியது இதுதான். ஒரு வரியும் குறைக்கவில்லை, கொடுத்தவர் வாங்கியவர் பெயரையும் ஊரையும் மட்டும் மாற்றியிருக்கிறேன்.

என் பெயர் ஜெசிந்தா. மதுரையில் இந்த மருத்துவமனையின் உறுப்புமாற்றுப் பிரிவில் ஒருங்கிணைப்பாளர். விபத்தில் அடிபட்டு மூளை செத்துப்போனவனின் பெற்றோரிடம், தீவிர சிகிச்சைப் பிரிவின் வாசலில் வைத்து, அவன் உறுப்புகளைக் கேட்பதுதான் என் வேலை. உலகத்தில் இதைவிடக் கேவலமான நேரத்தில் யாரும் யாரிடமும் எதையும் கேட்பதில்லை. நான் கேட்பேன். கேட்டுவிட்டு, அந்த அம்மாவின் கையைப் பிடித்துக்கொண்டு ஒரு வாக்கியம் சொல்வேன். "உங்க பையன் எங்கயும் போகலம்மா. இன்னொருத்தர் உடம்புல உயிரோட இருப்பான்." இது எந்தப் பயிற்சி வகுப்பிலும் சொல்லிக்கொடுத்ததில்லை. நானாகக் கண்டுபிடித்தது. இதைச் சொன்னால் பத்தில் ஏழு பேர் கையெழுத்துப் போடுவார்கள். மற்ற மருத்துவமனைக்காரர்களும் எழுதி வாங்கிக்கொண்டு போனார்கள். அதில் எனக்குப் பெருமைகூட இருந்தது.

மாற்றி வைத்த உறுப்பை உடம்பு வேற்றாளாகப் பார்த்து அடித்துத் துரத்தும். அதைத் தடுக்கத்தான் அந்தக் காலத்து மாத்திரைகள். உறுப்பைக் காப்பாற்றும், கூடவே உடம்பின் காவலையும் கட்டிப்போட்டுவிடும். சாதாரணச் சளியில் செத்தவர்கள் உண்டு. எங்கள் பிரிவின் தலைவர் டாக்டர் நீலமேகம் இரண்டாயிரத்து முப்பத்தொன்றில் வேறு வழி கண்டுபிடித்தார். செத்தவனின் தாய், தகப்பன், கூடப்பிறந்தவர் இவர்களில் ஒருவரின் இடுப்பெலும்பிலிருந்து கொஞ்சம் மஜ்ஜையை எடுத்து, உறுப்பு வாங்கியவருக்கு ஏற்றுவது. புதிதாக வந்திருப்பது வேற்றாள் இல்லை, வீட்டு ஆள்தான் என்று அது உடம்புக்குச் சொல்லிக்கொடுக்கும். ஆனால் உடம்புக்கு ஞாபகம் ஒரு வருடம்தான். அடுத்த வருடம் மறுபடி சொல்லிக்கொடுக்க வேண்டும். உறைய வைத்தது உதவாது, உயிரோடு இருப்பவரிடம் அன்றன்றைக்கு எடுத்ததுதான் வேலை செய்யும். இதற்கு நீளமான பெயர் ஒன்று இருக்கிறது. வார்டில் எல்லோரும் வருஷ ஊசி என்பார்கள்.

யார் கொடுத்தது, யார் வாங்கியது என்பது இரு தரப்புக்கும் தெரியக் கூடாது என்று முதலில் சட்டம் போட்டோம். இரண்டு தளம், இரண்டு வாசல், இரண்டு லிஃப்ட் எல்லாம் வைத்தோம். கேண்டீன் மட்டும் ஒன்றுதான். மூன்றாவது வருடம் முடிவதற்குள் எல்லாருக்கும் எல்லாரையும் தெரிந்துவிட்டது. மறைக்க முடியாததைக் கொண்டாடிவிடலாம் என்று நிர்வாகம் முடிவு செய்து, "உறுப்பால் உறவானோம்" என்று சுவரில் பெரிய போர்டு வைத்தார்கள். போர்டில் நாலு கை கோத்திருக்கும். கீழே உட்கார்ந்திருப்பவர்கள் ஒருவரை ஒருவர் பார்க்கும் பார்வையைப் படம் பிடித்தால் போர்டைக் கழற்றிவிடுவார்கள்.

தேனியிலிருந்து ஒரு தகப்பனார் வருவார். மஜ்ஜை எடுக்கக் குப்புறப் படுப்பதற்கு முன்னால், தன் மகனின் சிறுநீரகத்தை வைத்திருப்பவரை நிற்க வைத்து அரை மணி நேரம் திட்டுவார். ஏன் சிகரெட் பிடித்தாய், ஏன் இவ்வளவு தொப்பை, என் பிள்ளை பொருளை இப்படியா வைத்திருப்பாய் என்று. அந்த மனிதர் தாலுகா ஆபீசில் அதிகாரி. தலையைக் குனிந்து நிற்பார். ஒரு தங்கை, அண்ணன் முருக பக்தன், நீங்கள் கறி சாப்பிடக் கூடாது என்று சொல்லி நிறுத்திவிட்டாள். நிபந்தனை போடக் கூடாது, எதையும் கொடுக்கவோ வாங்கவோ கூடாது என்று விதி இருக்கிறது. ஆனால் எலும்பில் ஊசி இறக்க ஒருவரைக் குப்புறப் படுக்க வைக்க எந்தச் சட்டத்தாலும் முடியாது. அதனால் நாங்கள் எல்லாவற்றையும் பார்த்தும் பார்க்காத மாதிரி இருந்தோம். பதினெட்டு வருட அனுபவம் என்று மலரில் போடப்போவது இதைத்தான்.

வையாபுரி விஷயத்துக்கு வருகிறேன். சாத்தூர்ப் பக்கத்தில் பருத்தி அரவை மில் வைத்திருப்பவர். நாலு வருடம் டயாலிசிஸில் கிடந்து நைந்துபோய், ஐம்பத்தொரு வயதில் எங்களிடம் சிறுநீரகம் வாங்கியவர். அது கோவில்பட்டி இசக்கிராஜுடையது. டிராக்டர் ஒர்க்‌ஷாப்பில் வேலை பார்த்த பையன். இருபத்து நாலு வயதில் பைக்கிலிருந்து விழுந்தான். தகப்பனார் முன்னமே இல்லை. அம்மா பேச்சியம்மாள், தீப்பெட்டி ஆபீசில் இருபது வருடம் குனிந்தே வேலை பார்த்தவர். அண்ணன் பூவலிங்கம், மின்வாரியத்தில் லைன்மேன்.

வையாபுரியின் ஊரில், பூவலிங்கத்தின் ஆட்கள் செருப்புப் போட்டுக்கொண்டு தெருவில் நடக்க ஆரம்பித்து ஒரு தலைமுறைதான் ஆகிறது. இதற்கு மேல் நான் விளக்க வேண்டியதில்லை.

ஏழு வருடமாக ஆடி மூன்றாம் தேதி பேச்சியம்மாள் வருவார். ஊசி முடிந்து இரண்டு நாள் நொண்டி நடப்பார், வாயைத் திறந்து வலி என்று சொன்னதில்லை. வையாபுரிக்கு எதிரே உட்கார்ந்து அவர் முகத்தைப் பார்க்க மாட்டார். அவருடைய வலது பக்க வயிற்றைத்தான் பார்த்துக்கொண்டிருப்பார். வையாபுரி துண்டை எடுத்து அங்கே போட்டுக்கொள்வார். தன்னைவிட ஐந்து வயது மூத்த பெண்பிள்ளை தன்னைச் சின்னவன் என்று கூப்பிடுவதை அவரால் தாங்க முடியவில்லை. "எம்மவன் இளைச்சுட்டான்" என்று பேச்சியம்மாள் என்னிடம் சொல்லிவிட்டு, கடலைமிட்டாய்ப் பொட்டலத்தை அவர் பக்கத்தில் வைத்துவிட்டுப் போவார். இசக்கிராஜுக்கு அது பிடிக்குமாம். வையாபுரி அதை லிஃப்டுக்குப் பக்கத்திலிருக்கும் குப்பைத்தொட்டியில் போட்டுவிட்டுப் போவார். ஒரு வருடம் பேச்சியம்மாள் அதைப் பார்த்துவிட்டார். "சக்கரை இருக்கும், டாக்டர் வேண்டாம்னுருப்பாரு" என்றார். அடுத்த வருடம் முறுக்கு சுட்டுக்கொண்டு வந்தார். அதுவும் அதே தொட்டிக்குத்தான் போனது. எனக்கு அந்த மனிதரைக் கண்டாலே எரியும்.

இந்த வருடம் ஆனி பதினாலாம் தேதி காலை ஏழு மணிக்குப் பூவலிங்கம் போன் செய்தார். அம்மா தூக்கத்திலேயே போய்விட்டது என்றார். நான் ஆறுதல் சொல்ல ஆரம்பித்தேன். அவர் அதைக் கேட்கவில்லை.

"நாலு மணிக்கு எடுக்கிறோம் மேடம். தகப்பனுக்கு மூத்தவன், தாய்க்குக் கடைசி மகன். அதுதான் முறை. எங்க தம்பிய வரச் சொல்லுங்க, கொள்ளி வைக்க."

துக்கத்தில் புத்தி கலங்கிவிட்டதோ என்று நினைத்தேன். தம்பி போய் ஏழு வருடமாகிறதே என்று மெதுவாகச் சொன்னேன்.

"ஐசியூ வாசல்ல நீங்க எங்க அம்மா கையப் புடிச்சுச் சொன்னீங்க. நானும் பக்கத்துலதான் நின்னேன். உங்க பையன் எங்கயும் போகல, உயிரோட இருப்பான்னு. அது நம்பிருச்சு. என் சின்னவன் மில்லு வச்சிருக்கான், அவன் வந்து எனக்குக் கொள்ளி வைப்பான்னு தெரு பூரா சொல்லி வச்சிருக்கு. உயிரோட இருக்கான்ல? வரச் சொல்லுங்க. மொட்டை போட்டு, குடம் சுமந்து, முறையாச் செய்யணும். செஞ்சா ஆடி மூணாந்தேதி நான் வந்து உங்க கட்டில்ல படுக்கேன். செய்யலைன்னா என்னத் தேடாதீங்க."

போனை வைத்துவிட்டார். இத்தனை வருடத்தில் எத்தனையோ பேர் என்னைத் திட்டியிருக்கிறார்கள். நான் சொன்ன வார்த்தையையே எடுத்து யாரும் என்னை அடித்ததில்லை.

டாக்டர் நீலமேகத்திடம் ஓடினேன். பழைய மாத்திரைக்கு மாற்றிவிட முடியாதா என்று கேட்டேன். அவர் கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். கெட்ட செய்தி சொல்வதற்கு முன் எப்போதும் செய்வது.

"மாத்தலாம், மூணு வருஷம் எடுத்துக்கிட்டா. ஊசியையும் போட்டுக்கிட்டு, மாத்திரையையும் கொஞ்சம் கொஞ்சமா ஏத்தணும். திடீர்னு ஊசிய நிறுத்தினா ஆறு வாரத்துல கிட்னி போயிடும். மறுபடி டயாலிசிஸ், மறுபடி வரிசையில கடைசி ஆள். அவரோட இருதயம் இருக்கற நெலைமைக்கு ரெண்டு வருஷம் தாங்கினா பெரிசு. அண்ணன்காரர்தான் மாற்று ஆள்னு போட்டிருக்கீங்கள்ல? அவரப் பேசி வரவைங்க."

மாற்று ஆளின் ரத்தத்தை முதல் வருடத்திலேயே சோதித்து வைக்க வேண்டும் என்பது விதி. பூவலிங்கத்துக்கு லீவு கிடைக்காது, கம்பத்தில் ஏறுகிற ஆள், அம்மாதான் வருகிறாரே, அடுத்த வருடம் பார்த்துக்கொள்ளலாம் என்று தள்ளிப்போட்டேன். படிவத்தில் அதற்கான கட்டத்தில் ஏழு வருடமாக நான் எழுதியது, "அண்ணன். ரேஷன் கார்டு சரிபார்க்கப்பட்டது" என்பதுதான். டாக்டரிடம் அன்றைக்கு இதைச் சொல்லவில்லை.

பதினொரு மணிக்கு மில்லில் இருந்தேன். பஞ்சு பறக்கிற ஆபீஸ் அறையில் வையாபுரி முழுக்கைச் சட்டையோடு உட்கார்ந்திருந்தார். நான் சொல்லி முடிக்கிற வரைக்கும் கணினித் திரையையே பார்த்துக்கொண்டிருந்தார்.

"எங்கம்மா உயிரோட இருக்கா. எண்பத்து ரெண்டு வயசு" என்றார். "பெத்தவ இருக்கையில இன்னொருத்திக்குக் கொள்ளி வைக்கச் சொல்ற. அதுவும் அங்க போயி."

அங்க என்ற சொல்லை அவர் சொன்ன விதத்தில் எல்லாம் இருந்தது. சிறுநீரகமும் அங்கேயிருந்துதான் வந்தது என்று சொன்னேன். வாயை அடக்கியிருக்கலாம், முடியவில்லை.

"அது ஆஸ்பத்திரியில இருந்து வந்துச்சு" என்றார்.

பிறகு ஒவ்வொன்றாகச் சொல்லிப் பார்த்தார். எதை வேண்டுமானாலும் அவன் கேட்கட்டும், இதை மட்டும் வேண்டாம். போலீசில் சொல்லலாமா? கலெக்டர் எனக்குத் தெரிந்தவர். டிரைவரை அனுப்புகிறேன், அவன் மொட்டை போட்டுக்கொள்வான், யாருக்குத் தெரியப்போகிறது. டிரைவர் யோசனையை மட்டும் போனில் பூவலிங்கத்திடம் சொன்னேன். பதில் சொல்லாமல் துண்டித்துவிட்டார். வையாபுரி எழுந்து ஜன்னலுக்குப் போனார், திரும்பி வந்தார், என்னைத் திட்ட ஆரம்பித்தார். இப்படி உறவு தேடி வரும் என்று தெரிந்திருந்தால் அன்றைக்கே செத்திருப்பேன், கையெழுத்து வாங்கும்போது இதைச் சொன்னாயா நீ என்றார். சொல்லவில்லைதான். எங்களுக்கே தெரியாது. செத்திருப்பேன் என்று சொல்கிறவர்கள் யாரும் சாவதில்லை என்பதும் எனக்குத் தெரியும். டாக்டர் சொன்ன ஆறு வாரக் கணக்கை இன்னொருமுறை சொல்லிவிட்டு நாற்காலியில் உட்கார்ந்துகொண்டேன்.

ஒன்றரை மணிக்கு அவர் கேட்டது ஒன்றுதான். "அவன் நெசமாவே வந்து படுப்பானா?"

"சொன்ன சொல் மாறுற ஆள் இல்ல" என்றேன். அப்படித்தான் நம்பினேன்.

என் காரிலேயே வந்தார். அவருடைய காரை அந்தத் தெருவில் யாரும் பார்க்கக் கூடாதாம்.

பேச்சியம்மாளைக் கண்ணாடிப் பெட்டியிலிருந்து எடுத்து வாசலில் கிடத்தியிருந்தார்கள். கொட்டுக்காரர்கள் எங்களைப் பார்த்ததும் நிறுத்திவிட்டார்கள். தெருவே திரும்பிப் பார்த்தது. வாங்க என்று ஒருவரும் சொல்லவில்லை, அவருக்குத் தண்ணீர் கொடுக்கக்கூட யாரும் நகரவில்லை. பூவலிங்கம் கூட்டத்திலிருந்து வந்தார். தலையைச் சிரைத்து, மேல்சட்டை இல்லாமல் இருந்தார். வையாபுரியை மேலிருந்து கீழே பார்த்தார்.

"சட்டையக் கழட்டுங்க மொதலாளி" என்றார்.

கழற்றினார். வலது வயிற்றில் நீளமான தழும்பு வெளியே தெரிந்தது. அதைப் பார்த்ததும் கூட்டத்துக்குள்ளிருந்து ஒரு கிழவி ஓவென்று அழுதாள், அவளைத் தொடர்ந்து மற்றப் பெண்களும் அழுதார்கள். அந்த அழுகை பேச்சியம்மாளுக்கானது இல்லை என்று எனக்குத் தோன்றியது. இசக்கிராஜின் உடம்பை அன்றைக்கு நாங்கள் தைத்துக் கட்டிக் கொடுத்தோம். யாரும் சரியாகப் பார்த்து அழவில்லை.

சுடுகாட்டுக்குப் பெண்கள் போகக் கூடாது. நான் போனேன். யாரும் தடுக்கவில்லை. மருத்துவமனைக்காரி பொம்பளைக் கணக்கில் வரமாட்டாள் போலிருக்கிறது. வையாபுரியைக் கல்லில் உட்கார வைத்து நாவிதர் மொட்டை போட்டார். மீசையையும் எடுத்தார். மீசையில் கத்தி வைத்தபோது அவர் கண்ணை இறுக மூடிக்கொண்டார். தோளில் தண்ணீர்க் குடத்தை ஏற்றினார்கள். ஒவ்வொரு சுற்றுக்கும் பின்னாலிருந்து ஒரு ஓட்டை போட்டார்கள். செய்ய வேண்டியதைப் பூவலிங்கம் ஒற்றை வார்த்தையில் சொல்லிக்கொண்டிருந்தார். சுத்துங்க. நில்லுங்க. திரும்பாதீங்க. மின்கம்பத்தில் நிற்பவனுக்குக் கீழேயிருந்து சொல்கிற மாதிரி, கோபமும் இல்லை, மரியாதையும் இல்லை. வையாபுரி திரும்பி நின்றபடி கொள்ளியை வைத்தார். முதல் தடவை பற்றவில்லை. இரண்டாம் தடவை பற்றியது.

திரும்பிப் பார்க்காமல் போங்கள் என்றார்கள். அவர் திரும்பிப் பார்த்தார். ஏன் என்று தெரியவில்லை.

விஷயம் மறுநாள் காலைக்குள் அவர் ஊருக்குப் போய்விட்டது. யாரோ போனில் படம் எடுத்திருந்தார்கள். பங்காளிகள் கூடிப் பேசி, கோயிலில் அவருக்கு இருந்த முதல் மரியாதையை எடுத்துவிட்டார்கள். அதை அவர் எதிர்பார்த்திருந்தார். எதிர்பார்க்காதது அவருடைய அம்மா சொன்னது. மொட்டைத் தலையோடு வாசலில் நின்ற மகனைப் பார்த்து, ஒரு தடவை தாய்க்குக் கொள்ளி வச்சுட்டீல்ல, எனக்கு உன் அண்ணன் வைக்கட்டும் என்று சொல்லிவிட்டு உள்ளே போய்விட்டாராம். அன்றிலிருந்து மகனோடு பேசவில்லை. இதை வையாபுரியே என்னிடம் போனில் சொன்னார். உன்னால்தான் என்று சேர்த்துச் சொன்னார்.

பூவலிங்கத்தை உடனே வரவழைத்துச் சோதனை செய்துவிட நான் முயன்றேன். பதினாறு முடியாமல் ஊரை விட்டு நகர மாட்டேன் என்றார். வற்புறுத்தப் பயந்தேன். சொன்ன தேதியில், ஆடி மூன்றாம் தேதி காலை எட்டு மணிக்கு, வந்தார். கட்டிலில் குப்புறப் படுத்தார். ஊசி இறங்கும்போது கட்டில் கம்பியைப் பிடித்துக்கொண்டார். எடுத்ததைச் சோதித்துவிட்டுத்தான் ஏற்றுவோம், அதற்கு இரண்டு மணி நேரம் ஆகும். மேல் தளத்தில் வையாபுரி கையில் ஊசிக்குழாய் செருகிக் காத்திருந்தார்.

பத்தே காலுக்கு ஆய்வகத்திலிருந்து கூப்பிட்டார்கள். மாதிரி மாறிவிட்டதா என்று கேட்டார்கள். இசக்கிராஜுக்கும் இவருக்கும் எந்த ரத்த சம்பந்தமும் இல்லையாம். ஒரு தாய் வயிற்றிலும் இல்லை, ஒரு தகப்பனுக்கும் இல்லை. இரண்டாம் முறை பார்க்கச் சொன்னேன். பார்த்தார்கள். அதே பதில்தான்.

பூவலிங்கம் எழுந்து சட்டை போட்டுக்கொண்டிருந்தார். நான் உள்ளே போய்க் கதவைச் சாத்தினேன். என் முகத்தைப் பார்த்ததுமே தெரிந்துகொண்டார்.

"உங்களுக்கு முன்னாடியே தெரியுமா?" என்று கேட்டேன்.

"என் கல்யாணத்தப்ப அம்மா சொல்லுச்சு. கயத்தாறு பக்கம் பருத்தி எடுக்க வந்த பொம்பள ஒருத்தி பெத்துட்டு விட்டுட்டுப் போயிட்டாளாம். இதுக்குப் பிள்ளை இல்லாம இருந்துச்சு, எடுத்து வளத்துச்சு. தம்பி பொறந்ததெல்லாம் பதினோரு வருஷம் கழிச்சு." பித்தானைப் போட்டு முடித்தார். "நான் பேச்சியம்மா மகன்தான் மேடம். அதுல உங்க மிஷின் சொல்றதுக்கு ஒண்ணும் இல்ல."

அப்புறம் எதற்கு அந்த மனிதரை இழுத்து வந்து மொட்டை அடித்தீர்கள், ஊசிக்கு வருகிறேன் என்று ஏன் ஏமாற்றினீர்கள் என்று கத்தினேன். நர்ஸ் எட்டிப் பார்த்தாள்.

"வந்து படுக்கேன்னு சொன்னேன். படுத்தேன். வலிச்சுது" என்றார். "என்கிட்ட குடுக்க ஒண்ணுமில்லைன்னு தெரிஞ்சா அந்த ஆளு வந்திருப்பானா? அம்மா ஏழு வருஷமா தெரு பூரா சொல்லி வச்சிருக்கு. ஐசியூ வாசல்ல நீங்க அதுக்கு ஒரு பொய் சொன்னீங்க. சாகுற வரைக்கும் அது அத நம்புச்சு. அந்தப் பொய்ய ஒரு நாளைக்கு மட்டும் நான் நெசமாக்குனேன். அவ்வளவுதான்."

"அந்த ஆள் செத்துப்போவார், பூவலிங்கம்."

"அவனோட சேந்து எங்க தம்பியும்தான சாவுறான்" என்றார். "அவனுக்கு இது ரெண்டாந் தடவ."

சொல்லிவிட்டு இடுப்பைப் பிடித்துக்கொண்டு நொண்டி நடந்து போனார். பேச்சியம்மாள் நடந்த அதே நடை.

எனக்கு அவர் மேல் வந்த கோபம் அரை மணி நேரத்தில் என் மேலேயே திரும்பிவிட்டது. பேச்சியம்மாள் கண்ணை மூடிய காலையிலேயே அந்தச் சிறுநீரகத்தின் கதை முடிந்துவிட்டது. பூவலிங்கம் உண்மையைச் சொல்லியிருந்தாலும் அது பிழைத்திருக்காது. பிழைத்திருக்க ஒரு வழி இருந்தது. முதல் வருடமே ஒரு சொட்டு ரத்தம் எடுத்துப் பார்த்திருந்தால், மாற்று ஆள் கிடையாது என்று தெரிந்திருக்கும். அந்த அம்மா இருந்த ஏழு வருடத்தில் மூன்று வருடம் எடுத்துக்கொண்டு மாத்திரைக்கு மாற்றியிருக்கலாம். ரேஷன் கார்டைப் பார்த்து ரத்தத்தை எழுதினேன் நான். டாக்டரிடம் போய் இதைச் சொன்னேன். அவர் கண்ணாடியைத் துடைக்கவில்லை. வையாபுரியிடம் போய் நீங்களே சொல்லுங்கள் என்றார்.

மேல் தளத்துக்குப் போனேன். அறை வாசலில் வையாபுரியின் ஆட்கள் இரண்டு பேர் நின்றார்கள். மில்லில் மூட்டை ஏற்றுகிறவர்கள். சுடுகாட்டுப் படம் ஊருக்கு வந்ததிலிருந்து, முதலாளிக்கு மொட்டை போட வைத்தவனைத் தேடிப் போகக் காத்திருக்கிற முகம் அவர்களுடையது. உள்ளே வையாபுரி கட்டிலில் சாய்ந்திருந்தார். தலையில் நரைமுடி குத்திக்கொண்டு முளைத்திருந்தது. மீசையை அவர் மறுபடி வளர்க்கவில்லை, மழித்திருந்தார்.

சொன்னேன். பூவலிங்கம் அந்த அம்மா பெற்ற பிள்ளை இல்லை, அதனால் ஊசி போட முடியாது, வேறு ஆளும் கிடையாது. மாற்று ஆளைச் சோதிக்காதது என் தப்பு என்றும் சொன்னேன். ஆறு வாரம், அதன் பிறகு டயாலிசிஸ், எல்லாவற்றையும் சொன்னேன். கையில் செருகியிருந்த ஊசிக்குழாயையே அவர் பார்த்துக்கொண்டிருந்தார். திட்டுவார் என்று காத்திருந்தேன். திட்டவில்லை.

"அவனுக்கு முன்னாடியே தெரியுமா?" என்று கேட்டார்.

வாசலில் நின்றவர்களின் நிழல் கதவுக் கண்ணாடியில் தெரிந்தது. பூவலிங்கத்தின் தெரு எனக்கு ஞாபகத்துக்கு வந்தது. நெருக்கமான ஓட்டு வீடுகள்.

"தெரியாது. இன்னைக்கு நாங்க சொல்லித்தான் அவருக்கே தெரியும்" என்றேன்.

அவர் தலையை நிமிர்த்தி என்னைப் பார்த்த பார்வையில், இத்தனை வருடத்தில் நான் பார்த்த எல்லா வெறுப்பும் இருந்தது.

"அம்மா செத்து ஒரு மாசம் ஆகல. அவன்கிட்டப் போயி, நீ அவ மகன் இல்லைன்னு சொல்லிட்டீங்களா?" என்றார். "ரத்தம் சேரலைன்னு ஏதாவது ஒண்ணச் சொல்லி அனுப்பியிருக்கக் கூடாதா? ஒரு பொய் சொல்லத் தெரியாதா உங்களுக்கெல்லாம்?"

அவர் ஊசிக்குழாயை எடுக்கச் சொல்லி நர்ஸைக் கூப்பிட்டார். சட்டையை எடுத்துத் தழும்பின் மேல் போட்டுக்கொண்டு, டயாலிசிஸுக்கு எந்தெந்த நாள் வர வேண்டும் என்று கேட்டார். திங்கள், புதன், வெள்ளி என்றேன்.